உப்புத் தண்ணியா, மணலா?

நம் ஊரில் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகிற மனிதரைப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். நோயாளி என்று ஒருவர் கிளம்பினால் துணைக்கு வருகிறவர் என்று இன்னொருவரும் கிளம்பியே தீருவார். இவர் தனி இனம். ஒரு கையில் பிளாஸ்கும் மறு கையில் கட்டைப்பையுமாக டாக்டர் அறைக்குள் முதல் ஆளாக நுழைந்து, நோயாளிக்குப் போட்ட நாற்காலியில் தான் உட்கார்ந்து, "எங்க வலிக்குது?" என்று டாக்டர் கேட்டால் "எங்களுக்கு ராத்திரியிலேருந்து வயித்துலதாங்க" என்று பன்மையில் பதில் சொல்லி, "மூச்சை நல்லா இழுத்து விடுங்க" என்றால் தானும் ஒருமுறை இழுத்து விட்டு, "ஒரு ஊசியும் போட்டுட்டீங்கன்னா தேவல" என்று சிபாரிசும் செய்துவிட்டு வெளியே வருவார். நோயாளியா? பின்னால் வருவார், என்ன அவசரம்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியைக் காண வேண்டுமானால் குடவாசல் பக்கம் போய் ராமாயி அம்மாளைப் பார்க்க வேண்டும். முன்னாள் ஊராட்சித் தலைவி. நடவு ஆளாக வயலில் இறங்கியவர். கூலி உயர்வு கேட்டுக் கொடி பிடித்தவர். இரண்டு கழகங்களின் ஆட்சியிலும் தாலுகா ஆபீசில் முத்தரப்புப் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தவர். கடலோரத்து இறால் பண்ணைக்காரர்கள் வயலுக்குள் உப்புத் தண்ணீரை விட்டபோது வேன் பிடித்துப் போய் மறியல் செய்தார். கொள்ளிடத்தில் மணல் அள்ளிய லாரிகளுக்கு முன்னால் படுத்தார். நிஜமான தைரியசாலி, அதில் கேலியே கிடையாது. கேலியெல்லாம் அவர் துணைக்குக் கிளம்பும்போதுதான்.

அவருடைய தங்கை மகள் அம்சவல்லி. வேளாண்மை அலுவலர். எந்த மண்ணுக்கு எந்த நெல் ரகம் என்று தாலுகாவுக்கே சொல்கிறவள். பெரியம்மா மட்டும் கேட்டதில்லை. அம்சவல்லிக்கு ஓர் ஆசை. தையல்காரர் ரவிக்கைக்குள் வைத்துத் தைக்கிற பஞ்சைக் கல்லூரி நாளிலிருந்து சுமந்து சுமந்து அலுத்துவிட்டது. மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள வேண்டும். கல்யாணத்துக்காக அல்ல, யாரும் சொன்னதாலும் அல்ல. அவளுக்கே வேண்டும், அவ்வளவுதான். அவள் என்ன படிக்க வேண்டும் என்று முடிவு செய்தது அம்மா. எந்தப் பரீட்சை எழுத வேண்டும் என்று முடிவு செய்தது பெரியம்மா. இதையாவது தானே முடிவு செய்ய வேண்டும் என்று வைராக்கியமாக இருந்தாள்.

தஞ்சாவூரில் டாக்டர் மங்களாம்பிகையிடம் நாள் வாங்கியாகிவிட்டது. "கூட ஒருத்தர அழைச்சிக்கிட்டு வாங்க" என்றது ஆஸ்பத்திரி. அம்மா காத்தாயிக்கு முழங்கால் வலி. வேறு யார் வருவார்? பஸ்ஸில் பெரியம்மா விஷயத்தைப் பரம ரகசியமாகவே வைத்திருந்தார். 'அந்தச் சமாசாரம்' என்றுதான் சொன்னார். எந்தச் சமாசாரம் என்று கடைசி சீட்டு வரைக்கும் விளங்குகிற குரலில்.

டாக்டர் அம்சவல்லியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "ரெண்டு வகை இருக்கும்மா. மேலுறை ரெண்டுக்கும் ஒண்ணுதான். உள்ள, ஒண்ணுல உப்புத் தண்ணி, இன்னொண்ணுல சிலிக்கான் ஜெல்."

"என்னது, உப்புத் தண்ணியா?" பெரியம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏங்க, உப்புத் தண்ணி ஏறுன நெலத்துல அப்புறம் புல்லு மொளைக்குமா? அந்த இன்னொண்ணு, சிலிக்கான்னா மணலுதானே? எம் பேரன் பாடத்துல படிச்சான். உப்புத் தண்ணிக்கும் மணலுக்கும் எதிரா மறியல் பண்ணி உள்ள போனவ நான். எங்க வீட்டுப் பொண்ணு நெஞ்சுக்குள்ளயே ரெண்டுல ஒண்ண வைக்கிறேங்கிறீங்களே!"

டாக்டர் சிரிக்கவில்லை. பழகியவர். "மணல் இல்லைங்கம்மா. உப்புத் தண்ணியும் நாங்க குளுக்கோஸ் மாதிரி ஏத்துறோமே, அந்தச் சுத்தமான தண்ணிதான். உறை கிழிஞ்சா உடம்பு உறிஞ்சிக்கும், ஆனா ஒரு பக்கம் சப்பையாயிடும். ஜெல்லு தொட்டா இயல்பா இருக்கும், ஆனா கசிஞ்சா வெளிய தெரியாது; அப்பப்ப ஸ்கேன் பாக்கணும். எதுவா இருந்தாலும் ஆயுசுக்கும் வராது. பின்னால மாத்த வேண்டி வரலாம்."

"அப்ப குறுவைன்னு சொல்லுங்க, கொஞ்ச நாள் பயிரு."

"வடிவத்துல உருண்டையும் இருக்கு, கீழ கனமா தண்ணித் துளி மாதிரியும் இருக்கு."

"நெல்லு மாதிரி குண்டு ரகம், சன்ன ரகம். சன்னம் வேணாங்க, சாஞ்சிரும்."

"அந்தத் துளி வடிவம் எப்பவாவது உள்ள திரும்பிக்கிறது உண்டுதான்" என்று டாக்டர் ஒப்புக்கொண்டார்.

"நான் சொன்னேன்ல!" போதாதா? அதற்குமேல் பெரியம்மாவைப் பிடிக்க முடியவில்லை. மேசைமேல் இருந்த மாதிரிகளைக் கத்திரிக்காய் பொறுக்குவதைப் போல ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். "இது ஜாஸ்தி. இது கம்மி. ரெண்டு தரப்புக்கும் பாதகமில்லாம நடுவுல முடிச்சிக்குவோம்."

டாக்டர் அம்சவல்லி பக்கம் திரும்பினார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"அவ என்ன நினைக்கிறா, சின்னப் பொண்ணு. அதான் நாம பேசிட்டமே."

சின்னப் பொண்ணுக்கு வயது முப்பத்து நான்கு. அவள் கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தாள். இப்போது விட்டால் தலையாட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பெரியம்மா, கொஞ்சம் வெளிய இருங்க."

"யாரு, நானா?"

"ஆமாங்க."

"அடியே, என்னைய வெளிய இருன்னு சொல்ற தைரியம் கலெக்டருக்கே வந்ததில்லடி!"

"அங்க பேசினது ஊரு நெலத்தப் பத்தி. அதுக்கு நீங்க பேசினது நியாயம். இது என் ஒடம்பு பெரியம்மா."

ராமாயி அம்மாள் எழுந்தார். லாரிக்கு முன்னாலிருந்து போலீஸ் நாலு பேர் சேர்ந்து தூக்க வேண்டியிருந்த உடம்பு, அன்றைக்குத் தானாகவே எழுந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. முகம் சுண்டிப்போயிற்று. பாவமாகத்தான் இருந்தது. ஆனால் எவ்வளவு நேரம்? பிளாஸ்கைத் திறந்து ஒரு மடக்குக் காப்பி குடித்தார், பக்கத்தில் கட்டுப்போட்ட கையோடு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார், "மாவுக்கட்டெல்லாம் எதுக்குங்க?" என்று ஆரம்பித்துவிட்டார்.

அம்சவல்லி வெளியே வந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"எதடி எடுத்த?"

"எனக்குப் புடிச்சத."

"அதான் எதுங்கிறேன்?"

"வாங்க பெரியம்மா, பஸ் போயிடும்."

குடவாசல் வந்து சேரும்வரை பெரியம்மா கேட்டுக்கொண்டே வந்தார், அவள் ஜன்னலோரம் சிரித்துக்கொண்டே வந்தாள். ஊரில் விசாரித்தவர்களுக்கெல்லாம் ராமாயி அம்மாள் ஒரே பதிலைத்தான் சொல்லிவருகிறார்: "நான் சொன்னதத்தான் எடுத்தா. இல்லன்னா விட்டுருவனா?"

சரி, உண்மையில் எதை எடுத்தாள் என்கிறீர்களா? எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை. ஆனால் நீங்கள் கேட்கிறீர்கள். கேட்பதோடு நின்றாலும் பரவாயில்லை. தண்ணீரா ஜெல்லா, உருண்டையா துளியா, இல்லை, இதெல்லாம் அந்தப் பெண்ணுக்கு எதற்கு என்று, டாக்டர் பேசிக்கொண்டிருந்தபோதே மனசுக்குள் ஒரு முடிவு எடுத்து வைத்துவிட்டீர்களே, அதைச் சொல்லுங்கள். அம்சவல்லி உங்களைக் கேட்டாளா? பெஞ்சில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் இன்னும் ஓர் ஆள் உட்கார இடம் இருக்கிறது. போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்.