ஒன்பது இருபது பஸ்ஸில் வந்த கிரகங்கள்

அந்த ஊரில் பிள்ளைகள் வலி வந்து பிறப்பதை நிறுத்தி வெகுநாளாகிறது. நொடி மகான் சொல்லும் நொடியில் பிறந்தார்கள்.

தனியார் பிரசவ ஆஸ்பத்திரிக்கு எதிர்மாடியில் மகானின் அறை. படிக்கட்டில் தொடங்கும் வரிசை தெருமுனை வரை நீளும். அதில் கர்ப்பிணிகளைவிட மாமியார்கள் அதிகம். பிள்ளை அமைச்சராக வேண்டுமா, நீதிபதியாக வேண்டுமா, விமானம் ஓட்ட வேண்டுமா? சொன்னால் போதும். மகான் கண்ணை மூடி, கிரகங்களைக் கூப்பிட்டு விசாரித்து, நாளும் மணியும் நொடியும் எழுதித் தருவார். சீட்டோடு தெருவைத் தாண்டினால் கத்தி தயாராக இருக்கும். முன்பெல்லாம் தாய்க்கோ பிள்ளைக்கோ ஆபத்தென்றால்தான் சிசேரியன் செய்தார்கள். பிள்ளை அமைச்சராகாமல் போய்விடுவதைவிடப் பெரிய ஆபத்து உண்டா என்ன?

சுவர் முழுக்கக் குழந்தைப் படங்கள். கீழே பிறந்த கிழமை, மணி, வருங்காலப் பதவி. மூத்த அமைச்சருக்கு இப்போது ஆறு வயது. ஒன்றாம் வகுப்பில் சாக்பீஸ் தின்று மாட்டிக்கொண்டார். கிடைத்ததைத் தின்பது நல்ல அறிகுறிதான் என்று பெற்றோர் பூரித்துப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சுவருக்கு எதிரே மாமியாருடன் உட்கார்ந்திருந்தாள் டைம் கீப்பர். பஸ் நிலையத்தில் எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று நோட்டில் குறிப்பது அவள் வேலை. அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தலை திரும்பி நன்றாக இருக்கிறது, வலி வர இன்னும் மூன்று நான்கு வாரமாகும், பொறுத்திரு என்று சொல்லியிருந்தாள். தேவைப்பட்டால் கத்தி உயிரைக் காக்கும், தேவையில்லாமல் முன்கூட்டியே எடுத்தால் பிள்ளை மூச்சுக்குத் திணறலாம் என்றும் சொல்லியிருந்தாள். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குப் பயம். மாமியாருக்கோ அமைச்சர் பேரன் மேல் ஆசை. கணவன், அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்வதற்கென்றே பிறந்தவன். அவன் எந்த நொடியில் பிறந்தானோ!

மகான் சீட்டு எழுதினார்: நாளை மறுநாள் செவ்வாய், காலை பத்து நாற்பத்திரண்டு, ஏழு நொடி.

அவள் கண் சுவரை விட்டு நகரவில்லை. செவ்வாய், பத்தரை. சனி, பதினொன்று ஐந்து. மறுபடி செவ்வாய், மறுபடி சனி. அத்தனை குழந்தைகளும் இந்த இரண்டு கிழமைகளில், பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பிறந்திருந்தார்கள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? ஒரு பஸ் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓடினால், ஓட்டுகிறவருக்கு அந்த இரண்டு நாள்தான் டியூட்டி.

செவ்வாயும் சனியும் பக்கத்து ஊரிலிருந்து ஒன்பது இருபது பஸ்ஸில் வருவது யார்? மயக்க மருந்து டாக்டர். பெட்டியோடு இறங்கி நேராக இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் நடப்பார். காரில் ஏறினால் அவருக்கே மயக்கம் வரும், அதனால் பஸ்தான். அவர் வராமல் இங்கே கத்தி எழாது. மூன்று வருடமாகக் கிரகங்கள் வந்து இறங்குவதைத் தன் கையாலேயே நோட்டில் குறித்து வந்திருக்கிறாள்! சிரிப்பு தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். வலி வந்துவிட்டதோ என்று மாமியார் பதறினாள்.

திங்கள் காலை அவள் சீருடையோடு ஆஸ்பத்திரி கவுன்ட்டருக்குப் போனாள். நாளை முதல் செவ்வாயும் சனியும் ஒன்பது இருபது பஸ் கிடையாது, பதிலாகப் புதன்கிழமை இரண்டு மணிக்கு ஒரே பஸ், உங்கள் டாக்டருக்காகச் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றாள். வேலையில் சேர்ந்த பிறகு அவள் சொன்ன முதல் பொய். சுகமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் ஏதோ எழுதி, மடித்து மாமியாரின் பையில் வைத்தாள். நான் சொல்லும்வரை பிரிக்கக் கூடாது என்றாள்.

அன்று மாலையே மகான் செவ்வாய்ச் சீட்டுக்காரர்கள் எல்லோரையும் அழைத்தார். கிரகங்கள் மனம் மாறிவிட்டனவாம்.

"இனிமே புதன்கிழமை, மதியம் ரெண்டரைக்கு மேலதான் நல்ல நேரம்," என்றார்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அத்தை, இப்ப அந்தத் தாளைப் பிரிச்சு சத்தமா படிங்க," என்றாள் டைம் கீப்பர்.

மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். "புதன்கிழமை, ரெண்டு மணி பஸ்ஸுக்கு அப்புறம்."

எல்லோரும் எட்டித் தாளைப் பார்த்தார்கள். மகான்கூட வாயைப் பிளந்தார். இதை யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேவிட்டார்.

"பஸ் டைம் டேபிள்கிட்ட," என்றவள் சுவரைக் காட்டி எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னாள். "பஸ்ஸை யாரும் மாத்தல சாமி. நான் சும்மா சொன்னேன். நாளைக்கும் ஒன்பது இருபதுக்கு வந்துடும். ஆனா உங்க கிரகம் மட்டும் நிஜமாவே மாறிடுச்சே."

மகான் அவசரமாகக் கண்ணை மூடித் திறந்தார்.

"அப்போ செவ்வாய்க்கிழமையே நல்ல நாள்தான்," என்றார்.

ஒரு கர்ப்பிணி முதலில் சிரித்தாள். பிறகு அறையிலிருந்த எல்லா வயிறுகளும் குலுங்கின. அந்தச் சிரிப்பில் மாமியார் மட்டும் சேரவில்லை. எதிர் ஆஸ்பத்திரியில் ஒரு வயிற்றுக்கு எவ்வளவு வாங்குகிறாய் என்று கேட்டுக்கொண்டே மகானை நெருங்கினாள். மகான் பின்படி வழியாக இறங்கி ஓடினார். எந்தக் கிரகமும் துணைக்குப் போகவில்லை. மாமியார் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெட்கத்தில் தலையைக் குனிந்து நடந்தாள், ஆனால் வீடு வரும்வரை கையை விடவில்லை.

நான்காவது வாரம் வலி தானாக வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, வார்டே திரும்பிப் பார்க்கும் அழுகையோடு. மணி என்னவென்று யாரும் பார்க்கவில்லை, டைம் கீப்பர் உட்பட.

மறுநாள் ஒருவர் கட்டிலருகே வந்து கைகட்டி நின்றார். அன்று மகானின் வரிசையில் நின்றவர்.

"அம்மா, அந்த ஆள் போலி. நீங்க தாள்ல எழுதினதுதான் அப்படியே பலிச்சுது. என் மருமகளுக்கு ஒரு நல்ல நேரம் குறிச்சுக் குடுங்க."

அவள் குழந்தையைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"உங்க மருமக வயித்துல இருக்கிறது அதுக்குத் தோணுற நேரத்துல வரட்டும். நீங்க போய், கழுத்துக்கு மேல இருக்கிறதைக் கொஞ்சம் உபயோகிச்சுப் பாருங்க. அதுக்கு நல்ல நேரம் எதுவும் பாக்க வேண்டாம்."