பழனியாத்தாளுக்காக ஒரு ஜெபம்

நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டு. மூன்றாம் தடவை எண்ணியும் ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. அத்தனை சீட்டிலும் ஒரே பேர்: பழனியாத்தாள்.

மேசைமேல் இருபத்து நாலு வருகைப் பதிவேடுகள் கோபுரமாக நின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஐயாசாமி விரல் வைத்துப் பார்த்துவிட்டார். பழனியம்மாள் மூன்று பேர். பழனிச்செல்வி ஒருத்தி. பழனியாத்தாள் மட்டும் இல்லை.

"இல்லாத புள்ளைக்கு நானூத்திப் பன்னெண்டு ஓட்டு எப்படிங்க விழுகும்?" என்று சுவரில் மாட்டியிருந்த சூசையப்பரைக் கேட்டார். சூசையப்பர் கையிலிருந்த லீலி மலரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணபதி என்ற ஊரிலுள்ள புனித லூசியா பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஐயாசாமி பன்னிரண்டு வருடமாகக் கிளார்க்கு. வருடா வருடம் ஜூன் மாதம் பள்ளி ஆட்சிக் குழு முதல் கூட்டம் போடும். ஓடு மாற்றுவது, குழாய் போடுவது என்று பேசி, டீ குடித்துக் கலையும். இந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. 'பள்ளிப் பதிவேட்டில் பெயர் உள்ள மாணாக்கரில் ஒருவர், வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டு, குழுவில் அமர வேண்டும்.' ஓட்டுப் போட்டாயிற்று. எண்ணுகிற வேலை ஐயாசாமிக்கு. மூன்று மணிக் கூட்டத்தில் ஃபாதர் அறிவிக்கிற வரைக்கும் யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது தலைமையாசிரியை சிஸ்டர் ஆக்னஸின் கட்டளை.

யாரையாவது கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும். கேட்கக் கூடாதே!

கேட்காமல் தப்புச் செய்தாலும் ஆபத்து. போன ஆண்டுவிழா அழைப்பிதழில், பிஷப் வருவதைச் சொல்லும் 'ஆயர் அவர்கள் ஆசி வழங்குவார்' என்பதை, 'ஆயா அவர்கள் ஆசி வழங்குவார்' என்று தட்டச்சு செய்து, ஐந்நூறு வீட்டுக்கு அனுப்பியும் விட்டார். அன்றைக்கே தாளாளர் ஃபாதர் அருளப்பன் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு பிழை, ஐயாசாமி. மதுக்கரைப் பள்ளிக்கூடத்தில் கிளார்க் இடம் காலி."

மதுக்கரை என்றால் இரண்டு பஸ். விடியுமுன் கிளம்பி, பொழுது சாய்ந்து வர வேண்டும். வீட்டில் ஓர் எருமை. ஐயாசாமி கை பட்டால்தான் பால் சுரக்கும். அவர் மனைவி ராசாத்தாள் பக்கத்தில் போனாலே வாளியை உதைக்கும். "நீங்க மதுக்கரைக்குப் போனா எருமையையும் பஸ்சுல கூட்டீட்டுப் போயிருங்க" என்று அவள் அப்போதே சொல்லிப்போட்டாள்.

"ஏனுங்க கிளார்க்குத் தம்பி..."

வாசலில் மேரியாயா. பள்ளிக்கூடம் கூட்டுவது, மணி அடிப்பது, விழுந்த பிள்ளைக்கு மருந்து போடுவது எல்லாம் அவர்தான். இன்றைக்குக் கஞ்சி போட்ட சேலை, தலை நிறைய கனகாம்பரம்.

"என்னுங்க ஆயா, மினுமினுன்னு வந்திருக்கறீங்க? மறுக்காவும் ஆசி வழங்கறீங்களா?"

"மீட்டிங்கு நாளுங்களே தம்பி." ஆயா முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார். "இந்தக் கருமம் புடிச்ச முட்டி, மாடி ஏற உடுமோ உடாதோ. அந்தப் பேனாவை இக்கட்டால குடுங்க, வருகை நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

"பேனா எதுக்குங்க? இந்தா மைப்பெட்டி. ரேகையை வெச்சுட்டுப் போங்க, எனக்குத் தலைக்கு மேல வேலை."

ஆயா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கட்டைவிரலை நனைத்து வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன சுவட்டிலேயே சிஸ்டர் ஆக்னஸ் வந்தார். திருச்சூர்க்காரர். இந்தப் பள்ளிக்கு வந்து பதினேழு நாள்.

"ஐயாசாமி சாரே, ஜெயிச்சது யாரு?"

"பழனியாத்தாளுங்க சிஸ்டர்." பொய் இல்லை.

"நல்லது! குட்டியை என் ரூமுக்கு அனுப்புங்க. பார்க்கணும்."

ஐயாசாமி வாயைத் திறந்தார். திறந்த வாயிலிருந்து எது வந்ததோ அதுவே பேச்சாயிற்று. "அந்தப் புள்ளைக்கு... அம்மை போட்டிருக்குதுங்க."

கூட்டத்துக்கு வராமல் இருக்க அம்மையை விட நல்ல காரணம் உண்டா? பதினைந்து நாள் தவணை கிடைத்தது என்று அவர் நெற்றியைத் துடைத்த நேரத்தில், காலை வழிபாட்டு மணி அடித்தது. கூடவே ஒலிபெருக்கியில் சிஸ்டரின் குரல்.

"அன்பு மாணவியரே, நம்ம பழனியாத்தாளுக்கு உடம்பு சுகமில்லை. எல்லாரும் கண்ணை மூடி, அவளோட சுகத்துக்காக ஒரு நிமிஷம் ஜெபிப்போம்."

அரை நிமிடம் அமைதி. பிறகு ஒன்பதாம் வகுப்பு வரிசையில் 'களுக்'கென்று ஒரு சிரிப்பு. அது பத்துக்குத் தாவி, பதினொன்றுக்குப் பரவி, மைதானமே குலுங்கியது.

"உடம்பு சரியில்லாத குட்டிக்காக ஜெபம் பண்ணும்போ சிரிக்கறதா?" என்று சிஸ்டர் அதட்டினார்.

'ஏமாத்திப்போட்டாளுக! இல்லாத பேருக்கு ஓட்டுப் போட்டு என்னைக் கிறுக்கனாக்கிப்போட்டாளுக!' என்று ஐயாசாமி பல்லைக் கடித்தார்.

பதினோரு மணிக்குப் பெற்றோர் கழகத் தலைவர் தம்பிதுரைக் கவுண்டர் போன் செய்தார். மோட்டார் பட்டறைக்காரர். குரலும் மோட்டார்தான்.

"ஏனுங்க கிளார்க்கு, சிஸ்டர் சொன்னாங்க, நம்ம புதுப் பிரதிநிதிப் புள்ளைக்கு அம்மையாமா? ஊடு எங்கைங்க? கார் நிக்குது. வேப்பந்தழையும் எளநியும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தர்றனுங்க."

"வேண்டாமுங்க! நீங்க எதுக்குங்க சிரமப்பட்டுக்கிட்டு..."

"இதுல என்னுங்க சிரமம்? விலாசத்தச் சொல்லுங்க."

"அது... எறங்கிருச்சுங்க."

"எது?"

"அம்மை."

"காத்தால போட்டது, பதனோரு மணிக்கு எறங்கிருச்சுங்களா?"

"ஆமாங்க."

மறுமுனையில் மோட்டார் நின்றுபோனது. அப்புறம் மெதுவாக, "அட சாமீ" என்று மட்டும் கேட்டது.

பத்து நிமிடத்தில் சிஸ்டர் ஆக்னஸ் ஓடி வந்தார். கண்ணில் நீர். "ஐயாசாமி சாரே, கவுண்டர் சொல்லிக் கேட்டேன்! நம்ம ஜெபம் கேட்கப்பட்டது! ஃபாதர்கிட்டயும் போன்ல சொல்லிட்டேன். இன்னிக்குத் தீர்மானப் புத்தகத்துல இதைத்தான் முதல்ல எழுதணும். குட்டி மூணு மணிக்கு வந்துடுவா இல்லே?"

அம்மையைப் போட்டது ஒரு பொய். இறக்கியது ஒரு பொய். இப்போது அற்புதமே நடந்துவிட்டது. இனி ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினால் ஒழிய எருமைக்குக் கதி இல்லை.

சாப்பாட்டு இடைவேளையில், பதினோராம் வகுப்பு பிரவீனாவை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். பேச்சுப் போட்டியில் கப்பு வாங்குகிற பெண்.

"கண்ணு, ஒரே ஒரு ஒத்தாசை. மூணு மணிக்கு மாடிக்கு வந்து, பத்தே நிமிசம் பழனியாத்தாளா உக்காந்திரு."

பிரவீனா கண்ணை அகல விரித்தாள். "நானுங்களா சார்? அவங்க இருக்கறப்ப நான் எப்படிங்க சார்?"

"அவங்களாவது இவங்களாவது! எல்லாம் எனக்குத் தெரியும். நீங்க அத்தனை பேருஞ் சேர்ந்து பண்ணின கூத்துத்தான இது? ஃபாதர்கிட்டச் சொல்லட்டுமா?"

"ஐயோ, கூத்தில்லீங்க சார்..."

"பேசப்படாது. மூணு மணி. ரெட்டைச் சடையைப் பிரிச்சு ஒத்தைச் சடையாப் போட்டுட்டு வா."

மூன்று மணிக்கு மாடிக் கூடத்தில் ஃபாதர் நடுவில் அமர்ந்தார். ஒரு பக்கம் சிஸ்டர், மறுபக்கம் கவுண்டர். கவுண்டர் கையில் எலுமிச்சம்பழம் வேறு. அற்புதம் நடந்த பிள்ளை கையால் தன் முதுகுவலிக்கும் அதை மந்திரித்து வாங்கிக்கொள்ளலாம் என்று. மேசைக் கடைசியில் பிரவீனா ஒற்றைச் சடையோடு. மேரியாயா டீத்தட்டை ஏந்தி விடுவிடென்று மாடியேறி வந்து மூலையில் நின்றார்.

"வாம்மா பழனியாத்தாள். காலையில் அம்மை போட்டிருந்ததாமே? எங்கே, கையைக் காட்டு" என்றார் ஃபாதர்.

பிரவீனா கையை நீட்டினாள். வெண்டைக்காய் போல் மழமழவென்றிருந்தது.

"ஒரு தழும்புகூட இல்லை! உன் முழுப் பேர் என்னம்மா?"

பிரவீனாவுக்கு மேடையில் எது வேண்டுமானாலும் பேச வரும். ஃபாதர் முகத்தைப் பார்த்துப் பொய் மட்டும் வராது. "த. பிரவீனாங்க ஃபாதர். எனக்கு அம்மையே போடலீங்க. ஐயாசாமி சார்தான் வந்து உக்காரச் சொன்னாருங்க."

எலுமிச்சம்பழம் உருண்டு மேசைக்கடியில் போனது.

ஐயாசாமி எழுந்தார். "மன்னிச்சுப்போடுங்க ஃபாதர். அம்மை பொய்யுங்க, குணமானதும் பொய்யுங்க. இருவத்து நாலு ரெஜிஸ்டரும் பாத்துட்டேன். பழனியாத்தாள்னு ஒரு புள்ளை இந்தப் பள்ளிக்கூடத்துலயே இல்லீங்க. இல்லாத ஆளுக்குத்தான் நானூத்திப் பன்னெண்டு ஓட்டு."

சிஸ்டர் ஆக்னஸ் சிலுவையைத் தொட்டுக்கொண்டார். அற்புதம் கைவிட்டுப் போன வருத்தம் அவருக்கு.

"அப்படியானால் மதுக்கரைதான்" என்றார் ஃபாதர். பெருமூச்சு விட்டு, தீர்மானப் புத்தகத்தைத் தன்பக்கம் இழுத்தார். 'மாணவர் பிரதிநிதி' என்று எழுதி அதற்கு நேரே கையெழுத்துக்காக விட்டிருந்த கோடு காலியாக இருந்தது. "சரி, அடுத்த பொருள். சாயங்காலம் இங்கே நடக்கிற அறிவொளி எழுத்தறிவு வகுப்பு. ஆண்டு தொடங்கிவிட்டது, அறைகள் வேண்டும். நிறுத்திவிடலாம் என்று யோசனை. மாணவர் தரப்பில் பேச யாராவது இருந்தால் கேட்டிருப்பேன். யாரும் இல்லை..."

டீத்தட்டு 'டக்'கென்று மேசையில் இறங்கியது.

மேரியாயா ஈரக் கையை முந்தானையில் துடைத்தார். ஃபாதர் முன்னாலிருந்த பேனாவை, "ஒரு நிமிசமுங்க" என்று எடுத்தார். புத்தகத்தைத் தன்பக்கம் திருப்பி, குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, அந்தக் காலிக் கோட்டின்மேல் ஒவ்வோர் எழுத்தாக நடத்தினார். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கும்போது பேனா முனை தாளில் குத்திக்கொண்டது. பிரவீனா கைதட்டப் போய், வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஃபாதர் படித்தார். மறுபடியும் படித்தார். புத்தகத்தை ஐயாசாமி பக்கம் தள்ளினார்.

ஐயாசாமிக்கு எழுத்துகள் ஆடின. "ஆயா... உங்க பேரு மேரிதானுங்களே?"

"அது அப்ப இருந்த பெரிய சிஸ்டர் வாய்ல எம்பேரு நொழையாம அவங்க வெச்சதுங்க தம்பி," என்றார் ஆயா, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டே. "அந்திக் கிளாசு ரெஜிஸ்டர்ல மொதப் பேரே பழனியாத்தாதானுங்க, காத்தால சிஸ்டரு மைக்குல எனக்கோசரம் வேண்டிக்கிட்டாங்களே, அப்பப் புடிச்சு முட்டிவலி தேவலைங்க!"