எதிரே வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்ட நாள்

சாலை விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் விபத்து நேராது என்பார்கள். உண்மைதான். வாழ்க்கையில் ஒரே ஒரு நாள்தான் நான் நெடுஞ்சாலையில் கார் ஓட்டினேன். எல்லா விதிகளையும் கடைப்பிடித்தேன். காரில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என் மனைவி வீட்டாரில் ஒருவர்கூட நான் ஓட்டும் வண்டியில் ஏறியதில்லை. (சைக்கிள் கேரியரில்கூட.)

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில். கிருஷ்ணகிரியில் ஒரு மாங்காய் மண்டியில் வேலை பார்த்தேன். முதலாளியிடம் ஒரு பழைய கார் இருந்தது. டிரைவர் அடிக்கடி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார் என்பதால், "நீயும் கத்து வச்சுக்கப்பா, ஆத்திர அவசரத்துக்கு ஆவும்" என்று என்னை உள்ளே தள்ளிவிட்டார். கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் பரீட்சையில் நான் சொன்ன பதில்களைக் கேட்ட இன்ஸ்பெக்டர், "என்னய்யா, புஸ்தகத்தயே முழுங்கிட்டியா?" என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். அந்த வயதில் எனக்கு எல்லாமே பாராட்டாகத்தான் காதில் விழும்.

லைசென்ஸ் கைக்கு வந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஓசூரிலிருந்து தந்தி வந்தது. மாமனார் விடியற்காலையில் இறந்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் எடுக்கிறார்கள்.

என் மனைவி கௌரி அவருக்கு ஒரே பெண். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. தந்தியை நான் படித்துச் சொன்னதும் அவள் அழவில்லை. கொதித்துக்கொண்டிருந்த குழம்பை இறக்கி வைத்தாள். அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தாள். "என்னங்க, நான் அப்பா மொகத்தப் பாக்கணும்" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் விஷயம் கேள்விப்பட்ட முதலாளி, "பஸ்ஸு எப்ப வந்து நீ எப்பப் போய்ச் சேர்றது? காரை எடுத்துட்டுப் போ" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். பின்சீட்டில் கௌரியும் கமலம்மா அத்தையும் ஏறிக்கொண்டார்கள். கமலம்மா என் மாமனாரின் தங்கை. எங்களுக்கு அடுத்த தெரு. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் துக்கம்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துக்கத்துக்கு அடியில், மாமனார் வீட்டு வாசலில் கார் ஓட்டிக்கொண்டு போய் இறங்கப் போகிறோம் என்ற அற்பப் பெருமையும் கொஞ்சம் இருந்தது.

ஊருக்குள் மெதுவாகப் போகச் சொல்லி ஒரு போர்டு இருந்தது. போனேன். பின்னால் வாழைத்தார் கட்டிய சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திக்கொண்டு போனார். வலப்பக்கம் திரும்புவதற்காக ஜன்னல் வழியே கையை நீட்டினேன். தெருவில் நின்ற ஒருவர் பதிலுக்குக் கையாட்டினார்.

"யாரு மாப்ள அது?" என்றார் அத்தை.

"தெரியலைங்க அத்தை. திரும்பறதுக்குக் கை காட்டினேன்."

அத்தை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலுமலை ஏற்றத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. பாரம் எதிரே வருவதை மறைத்துக்கொண்டு, மாடுகள் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தது. வளைவில் எந்த வண்டியையும் முந்தக் கூடாது. அந்த ஏற்றத்தில் ஒரு வளைவு முடிகிற இடத்தில் அடுத்தது ஆரம்பித்துவிடும். எனவே வைக்கோலின் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு வளைவிலும் விதிப்படி ஹாரன் அடித்தேன். வண்டிக்காரர் தன்னைத்தான் விரட்டுகிறேன் என்று நினைத்து ஒவ்வொரு முறையும் திரும்பித் திட்டினார்.

லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. நாங்கள் வேண்டாம் என்று விட்டுவந்த பஸ்ஸும் தாண்டிப் போனது. அதன் ஜன்னலில் மாமனாரின் பங்காளி முனியப்பன் தலையை நீட்டினார்.

"மாப்ள, வண்டி நின்னு போச்சா?"

"இல்லீங்க, போயிட்டுத்தான் இருக்குது!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவர் அன்று நேரத்தோடு போய்ச் சேர்ந்து, மாமனாருக்கு மாலையும் போட்டார்.

சூளகிரி தாண்டியதும் ஓர் ஓடைப் பாலம். ஒரு வண்டிதான் போகலாம். எதிரே வருகிற வண்டிக்கு நின்று வழிவிட வேண்டும் என்று போர்டு இருந்தது. எதிரே ஒரு மாட்டு வண்டி வந்தது. ஓரமாக நிறுத்தினேன். அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் இன்னொன்று. எங்கேயோ சந்தை கலைந்திருக்கிறது. அது எனக்கு எப்படித் தெரியும்? கோழிக் கூடைகளும் ராகி மூட்டைகளும் ஆடுகளும் ஏறிய வண்டிகள் வரிசையாக வந்துகொண்டே இருந்தன. எனக்காக நிற்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேர் மட்டும் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"என்னங்க," என்றாள் கௌரி. "போங்க."

"இதோ, இந்த ஒரு வண்டி போயிடட்டும்" என்றேன்.

பின்னாலிருந்து வந்த லாரி ஒன்று என்னைச் சுற்றிக்கொண்டு பாலத்துக்குள் நுழைந்தது. அதன் பின்னால் இன்னொரு லாரி. பாலத்தின் நடுவில் லாரியும் மாட்டு வண்டிகளும் முட்டிக்கொண்டு நின்றன. கன்னடத்தில் ஒருவர், தெலுங்கில் ஒருவர், தமிழில் நாலைந்து பேர் என்று திட்ட ஆரம்பித்தார்கள். முன்னால் போகவும் முடியவில்லை, பின்னால் வரவும் முடியவில்லை. லாரி டிரைவர் இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"யோவ், உன்னாலதான்யா இவ்ளோ வம்பு! நீ நின்னுட்டிருந்ததப் பாத்து வண்டி ரிப்பேருன்னு நெனச்சில்ல நான் உள்ள பூந்தேன்!"

போர்டைக் காட்டினேன். அவர் போர்டைப் பார்க்கவில்லை. என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

அப்போதுதான் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்தார். பாலத்தை நெருங்க அவருக்கு வழி இல்லை. சுற்றிப் பார்த்தார். ஓரமாக, ஒழுங்காக நின்றது என் கார் ஒன்றுதான்.

"லைசென்ஸ எடு."

எடுத்துக் கொடுத்தேன். சந்தோஷமாகவே கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், அவங்கதான் போர்ட மதிக்காம உள்ள போனாங்க. அவங்களப் பிடிங்க சார்."

"அவன் பாலத்து நடுவுல மாட்டியிருக்கான், நான் எப்படிய்யா போய்ப் பிடிக்க? ஓரமா நிக்கற வண்டியத்தான் பிடிக்க முடியும்" என்றார். அதில் கேலி எதுவும் இல்லை. தன் கஷ்டத்தைத்தான் சொன்னார்.

பின்சீட்டிலிருந்து அத்தை வெடித்தார். "அய்யா, எங்கண்ணன் செத்துக் கெடக்கறாருய்யா! எழவு வூட்டுக்குப் போறோம், வுட்டுடுங்கய்யா!"

போலீஸ்காரரின் முகம் மாறிவிட்டது. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். குனிந்து கௌரியைப் பார்த்தார். பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "எழவு வூட்டுக்கா போற? அப்புறம் எதுக்குய்யா நின்ன?" என்றார்.

இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். அதற்குப் பதில் கிடைக்கவில்லை. சட்டத்தின் மேல் எனக்கு இருந்தது மரியாதையா, அல்லது புத்தகத்தில் இல்லாததைச் செய்யத் தெரியாத பயமா? கௌரி "போங்க" என்று சொன்னபோது ஒரே ஒரு மாட்டு வண்டிக்காரரை நிறுத்திவிட்டு நான் போயிருக்க முடியும். அது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பாலம் ஒழிந்து நாங்கள் ஓசூர் எல்லைக்குப் போனபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. எதிரே ஒரு கூட்டம் நடந்து வந்தது. எல்லோரும் ஈர வேட்டி. முன்னால் மொட்டைத் தலையோடு கௌரியின் அண்ணன் ராஜப்பா. காரை நிறுத்தினேன். அன்று நான் நிறுத்திய இடங்களிலேயே அது ஒன்றுதான் அவசியமான இடம்.

கௌரி இறங்கி அவர் எதிரே நின்றாள். அவர் அவளைப் பார்த்து, குழந்தை மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"முடிஞ்ச மட்டும் வச்சிருந்தோம் கண்ணு. வந்துடுவா, வந்துடுவான்னு சொல்லிப் பாத்தேன். பொழுது எறங்குதுன்னாங்க."

அவர் கண் என் பக்கம் திரும்பியது. "ஏன் மாப்ள? வண்டி எதனா ரிப்பேரா?"

பக்கத்தில் அத்தை மூச்சை இழுத்துப் பிடித்து ஆரம்பிக்கப் போனார். அதற்குள் கௌரி, "ஆமாண்ணா. ரெண்டு தடவ பஞ்சர்" என்றாள்.

சொல்லிவிட்டு அங்கேயே, சாலை ஓரத்தில், மண்ணில் உட்கார்ந்து அழுதாள். அத்தை வாயை மூடிக்கொண்டார்.

காரியம் முடிகிற வரை மூடியே வைத்திருந்தார். அதுவே அவருக்குப் பெரிய விரதம். காரியத்தன்று சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும்போது விரதத்தை முடித்துக்கொண்டார். வைக்கோல் வண்டி, கை காட்டியது, போலீஸ்காரர், எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். துக்க வீட்டில் முதல்முதலாகச் சிரித்தார்கள். ராஜப்பாகூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். நான் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமாக இருந்தேன். கௌரி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும் ஒரு பேச்சு உண்டு. "மாப்ளைக்கு இப்பவே ஆள் அனுப்பு. கெளம்பட்டும். அப்பத்தான் சரியா இருக்கும்." ராஜப்பா தன் கடைசிப் படுக்கையில் அதைச் சொன்னார். (அந்த முறை நான் பஸ்ஸில் போனேன். நேரத்துக்கு முன்பே போய்விட்டேன்.) ஊத்தங்கரையில் என் மகனுக்குப் பெண் எடுத்த வீட்டுக்காரர்களுக்குக்கூட இந்தக் கதை தெரியும். என் பேரன்கள் முனியப்பன் மாதிரி தலையை நீட்டி, "வண்டி நின்னு போச்சா?" என்று கேட்பார்கள்.

கௌரி மட்டும் அதைச் சொன்னதில்லை. சிரித்ததும் இல்லை. யாராவது ஆரம்பித்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள். பஞ்சர் என்று அவள் ஏன் சொன்னாள் என்று நானும் கேட்கவில்லை.

போன வருஷம் அவளை ஓசூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். இருதயக் கோளாறு. நான் வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் அவளுக்கு மூச்சுத் திணறி, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் வந்தபோது மூக்கில் குழாயோடு படுத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் நர்ஸைக் கிட்டே கூப்பிட்டாள்.

"இவருக்கு இனிமே முன்னாடியே சொல்லிடும்மா," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "எதிர்ல வர்றவங்களுக்கெல்லாம் வழி வுட்டுட்டுத்தான் வருவாரு."

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. கௌரி சிரித்தாள். தோள் குலுங்க, கண்ணில் நீர் வருகிற வரை சிரித்தாள். எனக்குத்தான் அன்று சிரிப்பு வரவில்லை.