திரெட்டா, புராசஸா? திலகம் விளக்குகிறார்

விளக்கத் திலகம் என்று ஓர் இனம் உண்டு. ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டில் ஒன்றைக் கேட்டால் மூன்றாவதாக ஒரு சொற்பொழிவை எடுத்து நீட்டுவார்கள். நீங்கள் பார்த்திருப்பீர்கள், தப்பித்திருக்கத்தான் மாட்டீர்கள்.

அன்று காலை ஆஸ்பத்திரி ஒன்றில் டோக்கன் கொடுத்து, நோயாளிகள் கொண்டுவரும் ரிப்போர்ட்டையும் ஸ்கேன் செய்துகொள்ளும் மென்பொருள் படுத்துவிட்டது. அதை எழுதிய திலகம் அலுவலகத்தில் தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். அதைப் பராமரிக்கும் பெண், காதில் போனோடு ஓடி வந்தாள்.

“சார், ஒரே கேள்வி. ரிப்போர்ட் ஸ்கேன் பண்ற வேலைய தனி புராசஸா வெச்சிருக்கீங்களா, திரெட்டாவா?”

ஒரு சொல்லில் முடிந்திருக்கும். ஆனால் திலகத்தின் கை தானாகவே மார்க்கரைத் தேடியது.

“அடிப்படையிலேர்ந்து வருவோம்மா. புராசஸ்னா தனியா ஓடற புரோகிராம்; தனி வீடு மாதிரி. தனிப் பூட்டு, தனி பீரோ.” பலகையில் வீடு எழும்பியது. ஜன்னல் வந்தது. ஜன்னலுக்குத் திரைச்சீலை வேறு! “திரெட்னா ஒரே வீட்டுல இருக்கற அண்ணன் தம்பிங்க. எல்லாருக்கும் ஒரே பீரோ. அதாவது, ஒரே மெமரி.”

“சார், வரிசையில ஒரு அம்மா மயங்கிட்டாங்களாம்!”

“வர்றேன், அதுக்குத்தான் வர்றேன். தனி வீடு பத்திக்கிட்டா அதோட போச்சு. கூட்டுக் குடும்பத்துல ஒரு தம்பி நெருப்பு வெச்சா? மொத்தக் குடும்பமும் தெருவுல!”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப ஸ்கேன் விழுந்ததும் டோக்கனும் சேர்ந்து விழுந்திருக்கே... நீங்க திரெட்டாத்தான் வெச்சிருக்கீங்க?”

மார்க்கர் நின்றது. “அது... திரெட்டா எழுதினா வேலை சீக்கிரம் முடிஞ்சிடும்னு...”

மீதியைக் கேட்க அவள் அங்கில்லை. ஸ்கேனை நிறுத்திவைத்து மற்றதை எழுப்பினாள்; டோக்கன் நகர்ந்தது. மயங்கிய அம்மாவை டாக்டர் பார்த்துவிட்டார் என்று போனில் தகவல் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. மதியத்துக்குள் ஸ்கேனைத் தனி புராசஸாகப் பிரித்தாள். சாயங்காலம் ஏதோ ஒரு மங்கலான ரிப்போர்ட்டைப் பார்த்து ஸ்கேன் மறுபடி விழுந்தது. தனியாக விழுந்தது. டோக்கன் அது பாட்டுக்கு ஓடியது.

திலகத்துக்குச் சுருக்கென்றிருக்காதா? இருந்தது; ஒரு தேநீர் நேரம்வரை.

“காலையிலேயே படம் போட்டுச் சொன்னேன்ல?” என்றார்.

சொன்னார்தான். இந்த இனத்தோடு இதுதான் தொல்லை. சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கும்.

ஆமாம், நீங்கள் ஏன் பக்கத்து அறையை எட்டிப் பார்க்கிறீர்கள்? திரெட்டுக்கும் புராசஸுக்கும் என்ன வித்தியாசம் என்று யாருக்காவது சொல்லவா? பாவம், அங்கே இருப்பவர் ஏதோ வேலையாக இருக்கிறார். விட்டுவிடுங்கள்.