எட்டு வரி குறைகிறது

நேற்று விளக்கை அணைக்கும்போது முப்பத்தொரு வரி இருந்தது. இன்று மதியம் எண்ணினால் இருபத்துமூன்று.

கோபால்சாமி பின்னல் ஊசியை இந்தப் பக்கம் திருப்பி எண்ணினான். அந்தப் பக்கம் திருப்பி எண்ணினான். வாசற்படி வெளிச்சத்தில் குந்தி, விரலில் எச்சில் தொட்டு எண்ணினான். இருபத்துமூன்றேதான்.

“மங்கம்மா, நேத்து எத்தினி வரின்னு சொன்னேன்?”

“எனக்கு இன்னா தெரியும் மாமா? நீ எண்ணிக்கினு இருந்த, நான் களி கிண்டிக்கினு இருந்தேன்.”

“முப்பத்தொண்ணுன்னு கத்தினேனே!”

“கத்தினதான். முப்பத்தொண்ணா இருபத்தொண்ணான்னு யாரு கண்டா?”

ஜீப்பில் புளி மூட்டை ஏற்றும்போது எண்ணிச் சொல்ல மலைமேல் புதூர்நாட்டில் இவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒரு மூட்டை பிசகியதில்லை. அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு முழம் உல்லன் துணியில் எட்டு வரி தப்புகிறது. “மூளை குளிர்ல கட்டிக்கிச்சு, வேற இன்னா!” என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டான்.

எல்லாம் வாய்க்கொழுப்பில் வந்த வினை. சாமை அறுத்து வீட்டுக்கு வந்துவிட்டால், மார்கழி முழுக்க அவனுக்கும் கூட்டாளிகளுக்கும் சீட்டாட்டம்தான். முனிசாமியின் மாட்டுக்கொட்டகையில் மதியம் குந்தினால், பெண்டாட்டிகள் ஆள்விட்டுக் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார்கள். அந்த எண்பத்திரண்டாம் வருஷம் ஒரு நாள் நர்ஸ் சாந்தம்மாள் தானே பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். எல்லோரும் அதை மெச்சினார்கள். கோபால்சாமிக்குப் பொறுக்கவில்லை.

“இது ஒரு வேலையா? பொங்கலுக்குள்ள எம்பொண்டாட்டிக்கு நானே ஒண்ணு பின்னிப் போடறேன்.”

“பின்னலன்னா?” என்றான் முனிசாமி.

“எம் மீசைய எடுத்துக்கோ!”

அது சாதாரண மீசை இல்லை. தினம் விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த மீசை. மங்கம்மாளைப் பெண் கேட்டுப் போனபோது, மாமனார் மாப்பிள்ளை முகத்தைப் பார்க்காமல் மீசையைப் பார்த்தே சம்மதம் சொன்னார் என்று ஊரில் பேச்சு. முகத்தைப் பார்த்திருந்தால் யோசித்திருப்பார் என்று கோபால்சாமியே ஒத்துக்கொள்வான்.

அன்றோடு சீட்டை விட்டான். திருப்பத்தூர் போய் நீல உல்லன் வாங்கி வந்தான். நர்ஸம்மாவிடம் நாலு நாள் பாடம் கேட்டான். சாயங்காலமானால் அடுப்போரம் உட்கார்ந்து பின்னுவான். மகள் நூல் உருண்டையை மடியில் வைத்து உருட்டித் தருவாள். மங்கம்மாள் அவரைக்கொட்டை உரித்துக்கொண்டே ஊர்க்கதை சொல்வாள். இவன் பின்னலில் ஒரு கண்ணு தப்பாமல் ‘ம்’ கொட்டுவான். மறுநாள் மதியம் எண்ணும்வரை எல்லாம் சுகமாகத்தான் இருந்தது.

கணக்கைப் பிடிக்க, அந்த முப்பத்தொன்றையும் சேர்த்து, தினமும் முடித்த வரிகளைக் கரியால் சுவரில் கோடு போட்டான். நாலாம் நாள் சுவரில் அறுபத்திரண்டு கோடு. ஊசியில் முப்பது வரி. சுவர் மட்டும்தான் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்கு வளர்ந்திருந்தது.

சாந்தம்மாளிடம் தூக்கிக்கொண்டு ஓடினான். அவள் துணியைப் புரட்டிப் பார்த்தாள். என்னவோ இருமல் வந்ததுபோல வாயைப் பொத்திக்கொண்டாள்.

“நூல் நல்ல நூல்தாங்க.”

“அப்ப குளிர்ல சுருங்குதா நர்ஸம்மா?”

“உங்க ஊர்க் குளிரைப் பத்தி எனக்கு என்னங்க தெரியும்? இருந்தாலும் இருக்கும்.”

போதாதா? மலைக்குளிரில் நூல் சுருங்குகிறது என்று கோபால்சாமி முடிவே கட்டிவிட்டான். பின்னியதைச் சூடாக வைக்க அடுப்புக்கு மேலே உறியில் தொங்கவிட்டான். மூன்று நாளில் நீலம் போய்க் கரிச்சட்டி நிறம் வந்தது. ஒரு ஓரம் கருகியும் போனது. வரி மட்டும் தினம் எட்டு குறைந்தது.

“சூடும் வேலைக்காவல. ஒடம்புச் சூட்டுலயே வெச்சுக்கினா?” என்று, மறுநாள் அதை வயிற்றோடு சேர்த்து வேட்டியில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனான். நுனி எங்கோ சூராமுள்ளில் மாட்டியது அவனுக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது மலைச்சரிவு முழுக்கக் கரி படிந்த நூல் அவனுக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு வந்தது. அன்றைக்கு எட்டு இல்லை, பதினெட்டு.

“நான் மனுசனே இல்ல மங்கம்மா,” என்றான். நிஜமாகவே அழுகை முட்டியது. “மீசை கெடக்குது. ஒனக்கு வாய்விட்டுச் சொன்னேனே, அதான் வெக்கமா கீது.”

மங்கம்மாள் முள்ளை எடுத்து நூலைச் சுற்றிக் கொடுத்தாள்.

போகிக்கு மூன்று நாள் இருக்கும்போது தினம் இருபது வரி பின்னினான். அவசரத்தில் கண்ணு கண்ணாக விட்டுப்போய், நடுவில் ஒரு எலி புகுந்து போகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

பொங்கலன்று காலை முனிசாமி சவரக்கத்தியோடு வந்துவிட்டான். பின்னாலேயே சீட்டுக் கூட்டம் மொத்தமும். கோபால்சாமி அதுவரை பின்னியதைக் கொண்டுவந்து காட்டினான்.

“மச்சான், இது சொட்டரா? சட்டி எறக்கற துணியா?”

“எம் முட்டாத்தனத்துக்கு அளவெடுத்துப் பின்னினது. எடு மீசைய.”

முனிசாமி இரண்டே இழுப்பில் எடுத்தான். மகள் அப்பாவை அடையாளம் தெரியாமல் கதவுக்குப் பின்னால் ஓடினாள்.

“பத்து நாளு வேலைடா இது,” என்று கத்தியைத் துடைத்தான் முனிசாமி. “எங்கிட்ட குடுத்திருந்தா முடிச்சிருப்பேன்.”

“முடிச்சுக் காட்டேன் பாக்கலாம்! மாசி பொறக்கறதுக்குள்ள ஒம் பொண்டாட்டிக்கு ஒண்ணு பின்னு. ஒனக்கும் மீசை இருக்குது இல்ல?”

கூட்டம் ஓவென்று கத்தியது. பின்வாங்க முடியாமல் முனிசாமி தலையாட்டினான்.

எல்லோரும் போனபின் மங்கம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெறும் உதட்டை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“மீசை ரெண்டு மாசத்துல வளந்துடும் மாமா. சொட்டர பொறுமையா முடி. எனக்கு இன்னா அவசரம்?”

கோபால்சாமிக்கு நெஞ்சு இளகிவிட்டது. இப்படி ஒரு பெண்டாட்டிக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னத் துப்பில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. “ஒனக்கு இத முடிச்சுப் போடறவரைக்கும் சீட்டையே தொடமாட்டேன். இது சத்தியம்!” என்று அவள் கையில் அடித்துக் கொடுத்தான். மங்கம்மாள் அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து இவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் காலை மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் முனிசாமியின் பெண்டாட்டி பெரியம்மாள் வந்து நின்று, அவன் இருப்பது தெரியாமல் மங்கம்மாளைக் கூப்பிட்டாள்.

“எக்கா, எங்க வூட்டு மனுசனும் சீட்ட வுட்டுட்டு ரெண்டு நாளா வூட்லயே குந்திக்கினு பின்னிக்கினு கீறாரு. காலையில அவரு காட்டுக்குப் போனதும் எட்டு வரியா அவுக்கறது, பத்து வரியா?”