சும்மா இருக்கப் போனவர்

"டவுன் ஹோட்டலுக்கு மூணு ஓட்டு. அப்பாவுக்கு ஒரு ஓட்டு" என்று அறிவித்தாள் மகள்.

"எனக்கு இல்லம்மா, கிராமத்து ஹோட்டலுக்கு" என்று திருத்தினார் லிஃப்ட் மெக்கானிக்.

"நீங்களும் அந்த ஹோட்டலும் ஒண்ணுதான்ப்பா. ரெண்டுலயும் சிக்னல் கிடையாது."

சாப்பாட்டு மேசையில் கிடந்த நான்கு சீட்டுகளையும் மெக்கானிக் தானே இன்னொரு முறை எண்ணிப் பார்த்தார். பதினைந்து வயது மகன் 'டவுன்' என்று எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தான். பதினேழு வயது மகள் அடிக்கோடு போட்டிருந்தாள். மனைவி 'இவங்க சொல்றதுதான்' என்று எழுதியிருந்தாள். 'இவங்க' என்றால் பிள்ளைகள்தான் என்று மகள் தீர்ப்பளித்துவிட்டாள். அது செல்லாத ஓட்டு என்று மெக்கானிக் வாதாடியது எடுபடவில்லை.

அவருடைய பிரச்சினை சின்னதுதான். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட்டோடு குடும்பம் நடத்துகிறார். வெளியூர் போக வருடத்துக்கு ஐந்து நாள்தான் லீவு. அந்த ஐந்து நாளும் கடந்த மூன்று வருடமாக லிஃப்ட்டிலேயே போய்விட்டது.

முதல் வருடம் பன்னிரண்டு மாடி ஹோட்டல். பெட்டியை வைத்துவிட்டு முகம் கழுவுவதற்குள் லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு புதுமண ஜோடி. அவர்கள் ஒன்றும் அவசரப்படவில்லை; இவருக்குத்தான் மனசு கேட்கவில்லை. இரண்டாம் வருடம் லிஃப்ட் இரட்டைப்படை மாடிகளில் மட்டும் நின்றது. இவர்கள் அறை ஏழாவது மாடி. மூன்றாம் வருடம் கதவு மூடாத லிஃப்ட். நான்கு நாள் மல்லுக்கட்டினார். ஐந்தாம் நாள் மூடியது, இவர் உள்ளே இருக்கும்போது.

மூன்று வருடத்து ஆல்பத்திலும் அவருடைய படம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் முழங்காலுக்குக் கீழே நன்றாக விழுந்திருந்தார்.

"எங்க போனாலும் லிஃப்ட் என்னைத் தேடி வருது" என்று அவர் புலம்பினால், "ராசிப்பா" என்பான் மகன்.

அதனால்தான் இந்த வருடம் தரைத்தளம் மட்டுமே உள்ள ஒரு கிராமத்து ஹோட்டலைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். சுற்றிலும் வயல். மாடியே கிடையாது. மாடி இல்லாத இடத்தில் லிஃப்ட் என்ன செய்துவிடும்?

"அங்க போய் நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"சும்மா இருப்பேன்."

மகன் மெல்லுவதை நிறுத்தினான்.

"அஞ்சு நாளுமா?"

"அஞ்சு நாளும். காலைலேருந்து ராத்திரி வரைக்கும். உங்க கூடவே."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தண்ணீர் ஜாடியைப் பார்த்தாள். நெகிழ்ந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக்.

அவர் வீட்டில் இருந்தால் வீட்டுக்கு எவ்வளவு நன்மை என்பது அவருக்குத் தெரியும். போன மாதம் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தபோது, யார் எத்தனை நிமிடம் குளிக்கலாம் என்று அட்டவணை போட்டுக் குளியலறைக் கதவில் ஒட்டினார். மகளுக்கு நேரம் மிச்சப்படும் விதத்தில் தலைவாரக் கற்றுக்கொடுத்தார். நன்றாக அடித்துக்கொண்டிருந்த காலிங் பெல்லைச் சரிசெய்தார். அன்றிலிருந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் பெல் அடிக்கிறது. "உங்களுக்கு ஆபீஸ்லேருந்து போன் ஒண்ணும் வரலியா?" என்று மனைவி அன்று நான்கு தடவை விசாரித்தாள். எவ்வளவு கரிசனம்!

ஓட்டில் தோற்றதற்காக அவர் சும்மா விடுவதாக இல்லை. மறுநாளே பிரசாரத்தில் இறங்கினார். கிராமத்து விடுமுறை எப்படி இருக்கும் என்று ஒரு முழுத்தாளில் நிகழ்ச்சி நிரல் எழுதிக்கொண்டு வந்து மேசையில் விரித்தார்.

"காலைல அஞ்சரைக்கு எழுந்திருக்கறோம்" என்று ஆரம்பித்தார்.

"யாரு?" என்றான் மகன்.

"எல்லாரும்தான்டா. ஏழு வரைக்கும் நடை. ஏழுலேருந்து ஒன்பது வரைக்கும் குடும்பமா உக்காந்து பேசறோம்."

"என்ன பேசறது?" என்றாள் மகள்.

"தலைப்பு நான் தரேன்."

உடனே மறுவாக்கெடுப்பு கேட்டார். ஓட்டுப் போட்டது நான்கு பேர். எதிராக விழுந்தது ஐந்து.

கள்ள ஓட்டு நடந்திருக்கிறது என்று தெரிந்தும் மெக்கானிக் பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார். "சரி, டவுனுக்கே போவோம். ஆனா லிஃப்ட் இல்லாத ஹோட்டலா இருக்கணும்." தொழில் முறையில் அவருக்கு இது சுலபம். யார் கம்பெனி எந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் போட்டிருக்கிறது என்பது விரல்நுனியில். யாருமே போடாத மூன்று ஹோட்டல்களை அரை மணியில் எழுதிக் கொடுத்தார்.

"குடுங்க, நானே பேசறேன்" என்று சீட்டை வாங்கிக்கொண்டு மனைவி பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹோட்டல் பேசுவது எப்போதும் அவள் பொறுப்புதான். மூன்று நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"முதல் ஹோட்டல் சரிப்படாதுங்க."

"ஏன்?"

"எல்லாம் புத்தம் புதுசாம்."

"நல்லதுதானே?"

"பெயின்ட் வாசனை வரும். எனக்குத் தலைவலி."

இரண்டாவது ஹோட்டலும் சரிப்படவில்லை. அங்கே எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆள் இருக்கிறார்களாம். ஊர்ப்பட்ட ஆள் நடமாட்டத்தில் நிம்மதியாக இருக்க முடியாதாம். மூன்றாவதிலும் தகராறு. "மேனேஜர் ரொம்பச் சுறுசுறுப்பாப் பேசறான். எனக்கு நம்பிக்கையே வரல."

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க! நான் வரல!"

சொல்லி வாயை மூடவில்லை, மூன்று முகங்களிலும் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்தது. அத்தனை வெளிச்சத்தை அந்த வீட்டில் அவர் பார்த்ததே இல்லை.

"சும்மா சொன்னேன்" என்றார் அவசரமாக.

மூன்று விளக்கும் அணைந்தன.

கொஞ்ச நேரம் யோசித்த மனைவி, "சரி, அந்தக் கிராமத்து ஹோட்டல் நம்பரைக் குடுங்க" என்றாள். மறுபடி பால்கனி. மறுபடி கண்ணாடிக் கதவு. இந்த முறை மூன்று நிமிடத்தில் முடியவில்லை. மெக்கானிக் உள்ளே இருந்தபடியே எட்டி எட்டிப் பார்த்தார். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அவள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். தாளைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினாள். நாற்பது நிமிடம் கழித்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி உள்ளே வந்தாள்.

"கிராமத்துக்கே போவோம்ங்க."

"அம்மா!" என்று அலறினார்கள் பிள்ளைகள்.

"ரெண்டு பேரும் சமையல்கட்டுக்கு வாங்க."

உள்ளே என்ன உபதேசம் நடந்ததோ, இரண்டே நிமிடத்தில் பிள்ளைகள் சாந்த சொரூபமாகத் திரும்பி வந்தார்கள்.

"ஓகேப்பா. போலாம்ப்பா" என்றான் மகன். குரலில் மரியாதைகூட இருந்தது.

விடாப்பிடியாக நின்றால் உலகம் வழிக்கு வரும் என்று மெக்கானிக் அன்று முடிவுக்கு வந்தார். அந்தச் சந்தோஷத்தில் தன்னோடு வேலை பார்ப்பவரிடம் கருவிப் பையை ஒப்படைத்தும் விட்டார். "நானே வந்து கேட்டாலும் அஞ்சு நாளைக்குக் குடுக்காதய்யா."

ஹோட்டல் அவர் நினைத்ததைவிட நன்றாக இருந்தது. பழமரங்களுக்கு நடுவில் வரிசையாக ஆறு அறைகள். பின்னால் ஒரு குளம். இறங்கியதும் மெக்கானிக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். கூரைக்கு மேலே இரண்டு புறாக்கள் மட்டும் இருந்தன. அவை தம் சொந்த ஏற்பாட்டில் ஏறியிருந்தன.

மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கால்களை நீட்டினார். கண்ணை மூடினார். வாழ்க்கையிலேயே முதல்முறையாகச் சும்மா இருந்தார்.

நான்கு நிமிடம்.

"சார்" என்றது ஒரு குரல். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஹோட்டல் ஓனரம்மா நின்றிருந்தாள். "பம்பு கொஞ்சம் முக்குது. வந்து ஒரு பார்வை பாக்கறீங்களா?"

"நான் லிஃப்ட் மெக்கானிக்மா."

"ரெண்டும் மேல ஏத்தற வேலைதானே சார்?"

"கையில ஒரு ஸ்க்ரூடிரைவர்கூட இல்லம்மா" என்று தப்பிக்கப் பார்த்தார்.

"அப்பா" என்றான் மகன், குளத்துக்குப் போகும் வழியில் துண்டோடு நின்று. "என் பெட்டில ஒரு ஸ்பேனர் செட் எப்படியோ வந்திருக்குப்பா. ஸ்க்ரூடிரைவரும் இருக்கு. கிரீஸ் டப்பாவும்."

பம்பில் ஒரு வாஷர் போயிருந்தது. மாற்றினார். பத்து வருடமாகத் தவழ்ந்து வந்த தண்ணீர் பாய்ந்து வந்ததில் சமையலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டது. குழாயை அடைத்தார். போக இடமில்லாத தண்ணீர் சுவருக்குள் புகுந்து ஃபியூஸ் பெட்டியை விசாரித்தது. ஃபியூஸ் போட்டார். கரண்ட் வந்த வேகத்தில், யாரும் நினைவில் வைத்திராத ஒரு வெந்நீர் ஹீட்டர் உயிர்பெற்று உறுமியது. அதை அடக்க ஒன்றரை நாள் ஆயிற்று.

மூன்றாம் நாள் ஜெனரேட்டர். "இதைத் தொட வேணாம்னுதான் பாத்தேன்" என்றாள் ஓனரம்மா. "ஆனா நீங்க இருக்கீங்களேன்னு ஒரு தைரியம்."

குடும்பம் அவரைக் கைவிடவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்க வருவதுபோல் முறைவைத்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எப்படிப்பா இருக்கு?" என்று ஜெனரேட்டர் கொட்டகை வாசலில் நின்று கேட்டாள் மகள். தினமும் பதினோரு மணிக்கு எழுந்ததில் முகம் பளபளவென்றிருந்தது.

"கார்பரேட்டர் அடைச்சிருக்கு. நீ சாப்பிட்டியாம்மா?"

"படகுல போய்ச் சாப்பிட்டோம்ப்பா. உங்களையும் கூப்பிடலாம்னு நினைச்சோம். வேலையில இருக்கும்போது தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

மகன் நீச்சல் பழகிவிட்டான். மனைவி இரண்டு தலையணை கனத்துக்கு நாவல் படித்து முடித்தாள். மாலையில் அவர்கள் மூன்று பேரும் பழமரத்தடியில் சிரிப்பது கொட்டகைக்குக் கேட்டது. சுழலும் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டபடி மெக்கானிக் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்தால் கஷ்டப்படுகிற மனிதராகத் தெரியவில்லை. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே!

"சும்மா இருக்க வந்தவன்டி நான்" என்று டீ கொண்டுவந்த மனைவியிடம் குமுறினார்.

"என்னங்க பண்றது, உங்க நேரம்" என்று அவர் நெற்றியிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, பாதியில் விட்ட பக்கத்தில் விரலை வைத்தபடியே திரும்பிப் போனாள்.

நான்காம் நாள் வாசல் கேட். கடைசியில் ஐந்தாம் நாள் மத்தியானம் கோழிக்கூண்டுக் கதவின் கீலை முடுக்கிவிட்டு அவர் நிமிர்ந்தபோது, அந்த வளாகத்தில் ஆடுவது, முக்குவது, ஒழுகுவது என்று ஒன்றுகூட மிச்சமில்லை. ஊருக்குக் கிளம்பும் நேரமும் வந்துவிட்டது.

பெட்டிகள் காரில் ஏறின. மூன்று பேரும் கன்னம் உப்பி, வெயிலில் கறுத்து, உலகத்தோடு எந்தச் சண்டையும் இல்லாதவர்களாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அடுத்த வருஷம் டவுனுக்கே போயிடுவோம்" என்று தோல்வியை ஒப்புக்கொண்டார் மெக்கானிக். "அங்க லிஃப்ட் ஒண்ணோட போச்சு."

"உங்க இஷ்டம்ங்க" என்றாள் மனைவி. "நீங்க எது சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம்தான்."

சாவியைத் திருப்பிக் கொடுக்க அவர் மட்டும் வரவேற்பறைக்குப் போனார். ஓனரம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். நல்ல மாதிரிதான். ஆனாலும் கேட்காமல் வர அவருக்கு மனசு ஒப்பவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இத்தனை ரிப்பேர் இருக்குன்னு போன்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் நீங்க."

ஓனரம்மா முழித்தாள்.

"சொன்னேனே சார்! உங்க வீட்டம்மா கேட்டதே அது ஒண்ணுதானே? 'லிஃப்ட் இல்லேன்னாப் பரவாயில்ல, வேற என்னென்ன ரிப்பேராக் கெடக்கு?'ன்னாங்க. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு, கடைசில 'போதும், அஞ்சு நாளைக்குத் தாங்கும்'னுட்டுத்தான் ரூமே போட்டாங்க."