தலைவர் யாரையும் வேலையை விட்டு நிறுத்துவதில்லை

ஹட்டனிலிருந்து நுவரெலியா வரைக்கும் எந்த வண்டியிலாவது சாவியைத் திருப்பினால் ஹோன் அடிக்கிறதா, ஹோனை அழுத்தினால் வைப்பர் ஆடுகிறதா, அதற்குள் தலைவரின் கை போயிருக்கிறது என்று அடித்துச் சொல்லலாம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். நான் கேட்டதில்லை. கேட்டால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டுவிடுவார்.

தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருந்துவிட்டுப் பிறகு வண்டிகளுக்கு வயரிங் செய்ய வந்தவர். முதல் வேலை முடிந்துவிட்டதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வண்டி கிளம்பாவிட்டால் மற்ற மெக்கானிக் பாஸ்மார் ரிப்பேர் என்பார்கள். இவர் ஸ்டிரைக் என்பார். பானட்டைத் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, காலையில் பெரட்டுக் களத்தில் வேலைக்கு வந்த ஆட்களை எண்ணுகிறவர் மாதிரி உள்ளே பார்ப்பார்.

"கோரிக்கை என்னன்னு தெரியாம கை வைக்கக் கூடாது தம்பி."

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. எந்தப் பாகத்தையும் கழற்றி வீசமாட்டார். வீசுவது வேலைநீக்கம். பழையது இருக்கிற இடத்திலேயே இருக்கும். பக்கத்தில் புதியது ஒன்று சேரும்.

இப்படிப்பட்டவரிடம் நான் மாட்டியது என் சொந்த முயற்சியால்தான். மருந்துக்கடை வைத்திருக்கிறவனுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுக்கத் தெரிந்தால் போதும். நானோ, எங்கள் தோட்டத்து மேனேஜரான பெரிய துரை ஒரு காலத்தில் ஓட்டித் திரிந்த ஜீப்பை வாங்கினேன். வாங்கும்போது பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கி, துருவைத் தேய்த்து, ஒடுக்கெடுத்து, நானே பச்சைப் பெயிண்ட் அடித்தேன். பார்த்தவர்கள் எல்லாம் புதுசு மாதிரி இருக்கிறது என்றார்கள். அது உண்மை. கடையில் நிற்கிற புது வண்டி மாதிரியே, நின்ற இடத்திலேயே இருந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் அமைதி. சில நாட்களில் சோக் கேபிள் சூடாகிப் புகைந்தது.

நின்றால் நிற்கட்டும் என்று விட்டிருப்பேன். அம்மா விடவில்லை. அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மாதக்கணக்கில் காத்திருந்து நுவரெலியாவில் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்திருந்தது. தவறினால் மறுபடி வரிசையின் வாலுக்குப் போக வேண்டும். அதற்குள் இருக்கிற கொஞ்சப் பார்வையும் போய்விடும்.

"போனா அந்த ஜீப்புலதான் போவேன்."

"வேன் பிடிக்கிறேன் அம்மா."

"அந்த ஜீப்பு வர்றப்ப கொழுந்துக் கூடையோட ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள்ள எறங்கி நிப்போம். சேத்த அடிச்சிட்டுப் போகும். முன் சீட்டுல ஒக்காந்து போகணும். இல்லாட்டி நான் குருடியாவே இருந்துக்கிறேன்."

என் அம்மா சொன்னால் சொன்னதுதான். எனவே தலைவர் வந்தார். வந்துகொண்டே இருந்தார்.

முதலில் பேட்டரியை விசாரித்தார். குற்றமில்லை. ஸ்டார்டரைத் தனியாகக் கழற்றி நேராகக் கரண்ட் கொடுத்தார், நன்றாகச் சுற்றியது. "தனியாக் கூப்பிட்டா நல்லாத்தான் பேசுறான். கூட்டத்துல வாயைத் திறக்க மாட்டேங்குறான்," என்றார். சாவி சுவிட்ச்மீது சந்தேகம் வந்தது. அதை அப்படியே பென்ஷனில் விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு வீட்டுக் காலிங் பெல் பொத்தானைப் பூட்டினார். அப்புறம் அதற்குத் துணையாக ஒரு கட்டில் விளக்கின் சுவிட்ச். என் டாஷ்போர்டு ஒரு சின்ன ரேடியோக் கடையாயிற்று. பெல்லை அழுத்தினால் வைப்பர் ஒரு தரம் எழுந்து கும்பிட்டுவிட்டுப் படுத்தது.

"முன்னேற்றம் இருக்கு," என்றார் தலைவர்.

அந்த வாரம் என் கடையில் தலைவலி மாத்திரைகளை அதிகம் விழுங்கியது நான்தான்.

ஆபரேஷன் நாள் விடிந்தது. அம்மா நல்ல சேலை கட்டி, பிளாஸ்கை மடியில் வைத்து, முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பெல்லை அழுத்தினேன். டக்.

"வேன்காரருக்குச் சொல்லட்டுமா அம்மா?"

"சொல்லு. நீ அதுல போயி ஒன் கண்ணைக் காட்டிட்டு வா."

விடியுமுன்பே வந்துவிட்ட தலைவர் பேட்டரிக்குப் பக்கத்தில் குந்தினார். கடைசிப் பேச்சுவார்த்தை என்று அறிவித்தார். பிரச்சினையின் வரலாற்றைத் தொடங்கினார். பேசும்போது அவர் கை சும்மா இருக்காது. எதையாவது கழற்றும், சுரண்டும், திரும்பப் பூட்டும். பேட்டரியிலிருந்து சேசிக்குப் போகும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தைத் திருப்புளியால் சுரண்டிக்கொண்டே பேசினார். என் பச்சைப் பெயிண்ட் பொடிப் பொடியாக உதிர்ந்தது.

"தலைவரே, பெயிண்டு."

"குறுக்க பேசாதீங்க தம்பி, நான் இன்னும் முடிக்கல."

ஒருவழியாகப் போல்ட்டை மறுபடி முறுக்கினார், பேச்சை முடிக்கவில்லை. அது அடுத்த கட்டத்துக்குப் போகும் நேரத்தில் அம்மாவுக்குப் பொறுமை போயிற்று. கையால் தடவிப் பார்த்து, பெல்லை ஓர் அழுத்து அழுத்தினார். ஜீப் இருமியது, குலுங்கியது, உறுமியது.

இரும்பும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் நான் அழகாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்தேன். கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் சோக் கேபிள் வழியாகவெல்லாம் அலைந்திருக்கிறது. தலைவர் பேச்சோடு பேச்சாகச் சுரண்டியதில் வழி திறந்துவிட்டது. அதெல்லாம் பிறகு புரிந்தது. அப்போது தலைவர் எழுந்து, "பாத்தீங்களா, நிர்வாகம் எறங்கி வந்துருச்சு," என்றார். பிறகு என் காதோடு, "நிப்பாட்டிறாதீங்க. என்ன பண்ணுனேன்னு எனக்கே தெரியல."

அவரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். தலைவர் டிரைவர் சீட்டுக்கு வந்து எக்ஸிலேட்டரில் காலை வைத்தார். வண்டி ஓட்டத் தெரியாது அவருக்கு. "நீங்க அக்காவைக் கூட்டிட்டுப் போங்க. திரும்பிப் போறப்பவும் அக்கா இதுலதான் போகணும்."

நாங்கள் வெளியே வரும்போது மதியம் கடந்திருந்தது. அம்மாவின் ஒரு கண்ணில் கட்டு. ஜீப் உறுமிக்கொண்டே நின்றது. பக்கத்தில் நின்ற காவலாளி களைத்துப்போய், எஞ்சினை நிறுத்தச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்று என்னிடம் சிங்களத்தில் முறையிட்டார். தலைவரோ, உள்ளே ஆபரேஷன் நடக்கிறது, இதுவும் ஒரு நோயாளிதான், நிறுத்தினால் நீதான் பொறுப்பு என்று அவருடைய மொழியிலேயே வகுப்பெடுத்திருக்கிறார். தேநீர் குடிக்கவில்லை. சாப்பிடவில்லை. அந்தக் குளிரில் நெற்றியில் வியர்வை.

"காலை எடுங்க தலைவரே, வந்துட்டோம்."

"எடுக்க வரல தம்பி. மரத்துப் போச்சு."

நானும் காவலாளியும் சேர்ந்து அந்தக் காலைத் தூக்கினோம். எஞ்சின் நின்றுவிட்டது. மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் பெல்லை அழுத்தினேன். முதல் அழுத்திலேயே கிளம்பியது. காலையிலிருந்தே நிறுத்தி வைத்திருக்கலாம்.

"அது எனக்குத் தெரியும்," என்றார் தலைவர், தொடையைத் தேய்த்துக்கொண்டு. "இருந்தாலும் ஒரு பாதுகாப்புக்கு."

நானுஓயா தாண்டுவதற்குள் பின் சீட்டில் வாய் திறந்து தூங்கிப்போனார். மூடுபனி இறங்கியிருந்தது. அடுத்த வளைவில், எதிரே வருகிறவனுக்குத் தெரியட்டும் என்று ஹோனுக்குக் கையைக் கொண்டுபோனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதடா. அந்த மனுசன் தூங்குறான்."

ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பை நடக்க விட்டு, தலையை வெளியே நீட்டி எட்டிப் பார்த்து, வீடு வரைக்கும் ஹோன் அடிக்காமலே ஓட்டி வந்தேன்.